முன்வாசலுக்கு ஒரு ஜோடி பேரிங்

“டின் தகட்டை இன்னொரு சுத்து சுத்தி வச்சா—”

“டின்னுங்கிற வார்த்தையே இந்த வீட்ல இனிமே—”

“முழுசாச் சொல்ல விடேன். மெல்லிசாத் தட்டி உள்ள விட்டா—”

“போன தடவையும் மெல்லிசாத்தான் தட்டினீங்க. எங்கக்கா மெல்லிசாவா விழுந்தா?”

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார். அதற்கு மேல் பேசினால் சாக்கடை வரும். அந்த வீட்டில் எந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்தச் சாக்கடையில்தான் போய் விழும்.

வெளியே மழை பெய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் நாலு தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. பட்டறையின் முன்பாதி அவருடையது. பழைய மோட்டார் சைக்கிள்களைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். பின்பாதி அவர் மனைவியுடையது. அதே வண்டிகளுக்கு அவள் சீட் தைப்பாள். இரண்டு பாதிக்கும் நடுவே சுவர் கிடையாது. அதனால் சண்டை போட யாரும் எழுந்து போகவேண்டிய அவசியமில்லை. அவள் கோபத்தை அவர் தையல் மெஷின் சத்தத்தை வைத்தே அளந்துவிடுவார். இன்றைக்கு மெஷின் ரயில் போல ஓடியது.

அவர் மடியில் பின்சக்கரம் கிடந்தது, குளிப்பாட்டத் துணி அவிழ்த்த குழந்தை மாதிரி. நடுவிலிருந்த பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தார். உள்ளே மணலைப் போட்டு அரைப்பது போலக் கரகரவென்றது.

“பஸ்ஸுல போயேன்டி. ஒரு பஸ்தானே. ஜன்னல் ஓரமா உக்காந்தா காத்து வரும்.”

“நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கு மறந்து போச்சா?”

“தெருவே மறக்கலை. நான் எங்க மறக்கறது?”

சொன்னது இதுதான். சில வருஷத்துக்கு முன்னால், அவளுடைய அக்கா ஒருநாள் பல் பிடுங்கிக்கொள்ள இந்தப் பக்கம் வந்தாள். திரும்பும்போது பஸ் கிடைக்கவில்லை. மெக்கானிக் தன்னுடைய சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் வயதுக்கும் அவருடைய அப்பா வயதுக்கும் இடைப்பட்ட வயது சொல்லலாம் அந்த வண்டிக்கு. அதன் பின்சக்கரத்துக்கு உரிய பேரிங் இஞ்சு அளவு. கடைகளில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர். கிடைத்ததில் ஒன்று ஒரு நூல் சின்னது. கொஞ்சம் ஆடியது. ஆடாமலிருக்கப் பிஸ்கட் டின்னை வெட்டி, தகட்டைப் பட்டையாக்கி, பேரிங்கைச் சுற்றிச் சொருகியிருந்தார். அக்கா வீட்டுத் தெரு முனை வரைக்கும் வண்டி ராஜா மாதிரி போனது. அங்கே தகடு நழுவியது, சக்கரம் இறுகியது, அக்கா சாக்கடையில் இருந்தாள். அடி ஒன்றும் இல்லை. கோபம்தான் உடம்பெல்லாம்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் வீட்டு வாசலிலேயே வைத்துச் சக்கரத்தைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த தகட்டில் ஒரு கோதுமைக் கதிரும், பாதிப் பிஸ்கட்டும், அக்காவின் ரொட்டிக் கடைப் பெயரில் கடைசி மூன்று எழுத்தும் இருந்தன.

“என் டின்னை வெட்டி என்னையே சாக்கடையில தள்ளினீங்களா?” என்றாள் அக்கா. பல் பிடுங்கின வாயில் பஞ்சு இருந்ததால் முதல் தடவை யாருக்கும் புரியவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு மறுபடியும் சொன்னாள். “இந்த ஓட்டை வண்டி இனிமே என் வாசலுக்கு வரக் கூடாது.”

தங்கை அந்த வண்டியை அதைவிட மோசமாகத் தினமும் திட்டுகிறவள்தான். ஆனால் தன் வீட்டு ஓட்டையை அடுத்தவர் எண்ணக்கூடாது இல்லையா. “வந்தா அந்த வண்டியிலதான் வருவேன். இல்லேன்னா உன் வாசலை மிதிக்க மாட்டேன்” என்றாள்.

அன்றிலிருந்து அக்காவும் வரவில்லை, இவளும் போகவில்லை. வண்டியும் மூலையில் சாக்குப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. பெண்டாட்டி முகத்தைப் பார்த்து, மெக்கானிக்கும் அதைத் தொடுவதை விட்டுவிட்டார்.

இப்போது சேதி வந்திருக்கிறது. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ரொட்டிக் கடையை விற்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் விமானம். கடலுக்கு அந்தப் பக்கம் மகன் வீட்டுக்குப் போகிறார்கள்.

“திரும்பி எப்பவாம்?” என்று இவள் கேட்டிருந்தாள்.

“சகலை அதைச் சொல்லலை,” என்றார் மெக்கானிக்.

“நீங்க கேக்கலையா?”

“கேட்டேன். மழை பெய்யுதான்னு என்னைக் கேட்டார்.”

அதைக் கேட்ட நிமிஷத்தில்தான் தையல் மெஷின் ரயிலாக மாறியது. சாக்கை அவளே இழுத்துப் போட்டாள். வண்டியைத் தள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். சனிக்கிழமைக்குள் இது ஓட வேண்டும் என்றாள். டின் இல்லாமல்.

மெக்கானிக் தேடாத இடம் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரரிடம் போனார். “இது என்கிட்ட இருந்தா நான் ஏன் துருவுல உக்காந்திருக்கேன், கண்ணாடிப் பெட்டியில வச்சு டிக்கெட் போட்டிருப்பேன்” என்றார் அவர். வளையம் ஒன்று கடைந்து போட்டால் சின்ன பேரிங்கையே உட்கார வைத்துவிடலாம் என்று லேத்துக்காரரைத் தேடிப் போனார். மகளுக்குப் பிரசவம், வர இரண்டு வாரம் ஆகும் என்று கதவில் சாக்கட்டியால் எழுதியிருந்தது. போனில் தேடியதில் ஒரு வெளிநாட்டுக்காரன் படம் அனுப்பினான். சாமான் அதுதான், சந்தேகமில்லை. கப்பலில் வரும் என்றான்.

“எப்ப வரும்?” என்றாள் அவள்.

“மாசக் கணக்காகும்.”

“அதுக்குள்ள எங்கக்கா அந்த ஊரு பாஷையே பேச ஆரம்பிச்சிடுவா.”

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேருமாகப் பேரிங் கடைக்குப் போனார்கள். அதை நடத்துகிற அம்மாவை எல்லோரும் நம்பர் அம்மா என்பார்கள். அவளுக்கு மனிதர்களின் பெயர் நிற்காது. வழக்கமாக என்ன பேரிங் வாங்குவார்களோ அந்த நம்பர்தான் பெயர். கடைக்குள் உயர உயரமாக அட்டைப் பெட்டிகள். நடுவில் ஒரு ஆள் திரும்ப மட்டும் இடம்.

“வாங்க அறுபத்திரெண்டு சைபர் நாலு,” என்றாள் மெக்கானிக்கைப் பார்த்து. “பக்கத்துல யாரு?”

“என் வீட்டம்மா.”

“நம்பர் இல்லையா?”

“இல்ல. இவளுக்கு ஜோடி கிடையாது.”

“அது எனக்குத் தெரியும்,” என்றாள் மனைவி. “பேரிங்கை எடுத்துக் காட்டுங்க.”

நம்பர் அம்மா கிரீஸ் படிந்த பேரிங்கை வாங்கி, முழங்கை வரை சுருட்டியிருந்த சட்டைக் கையில் துடைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள். பக்கத்தில் அளவுகோல் இருந்தது, அதைத் தொடவில்லை. கட்டை விரலை உள்ளே விட்டுச் சுழற்றினாள்.

“இஞ்சு சைஸு. இது வர்றது நின்னு ரொம்ப நாளாச்சு. கடைசியா ஒரு ஜோடி இருந்துச்சு. வித்துட்டேன்.”

“யாருக்கு?”

“ரொட்டிக்காரருக்கு. மாவு பிசையற பழைய மெஷினுக்கு இதே சைஸுதான். ஒண்ணு தேஞ்சா மாத்தணும்னு கூடுதலா வாங்கி வச்சுக்கறேன்னாரு. நல்ல மனுஷன். பேரம் பேசவே மாட்டாரு, பெருமூச்சு விடுவாரு, அவ்வளவுதான்.”

மெக்கானிக்கும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரம் பேசாமல் பெருமூச்சு விடுகிற ரொட்டிக்காரர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் சகலை.

“எந்த ரொட்டிக்காரர்?” என்று மெக்கானிக் இருந்தாலும் கேட்டுவைத்தார்.

“ஒல்லியா இருப்பாரு. பொண்டாட்டி பேச்சை எடுத்தா மெதுவாப் பேசுவாரு.”

“அவரேதான்,” என்றாள் மனைவி.

கடை வாசலில் நின்றே போன் போட்டார்கள். மறுபக்கம் ரொட்டிக்காரர் கிசுகிசுத்தார்.

“இருக்கு சகலை. அந்த மெஷினைத்தான் எப்பவோ வித்தாச்சு, பேரிங் அப்படியே இருக்கு. ஆனா அலமாரிச் சாவி அவ இடுப்புல.”

“நான் வந்து வாங்கிக்கவா?”

“நீங்களா? அவ கையில இப்ப ரொட்டி தள்ற கரண்டி இருக்கு. நீளமானது.”

“நீங்களே கேட்டு வாங்கிக் குடுங்களேன்.”

ரொட்டிக்காரர் பெருமூச்சு விட்டார். “என்ன சொல்லிக் கேக்கறது? எதுக்குன்னு கேப்பா. வண்டிக்குன்னா எந்த வண்டின்னு கேப்பா. எனக்குப் பொய் வராதுன்னு உங்களுக்குத் தெரியும். தங்கச்சி வந்து கேட்டா ஒருவேளை… இவளும் ரெண்டு நாளா பெட்டி கட்டறதும் அவிழ்க்கறதுமா இருக்கா. ஐயோ, வர்றா,” என்று வைத்துவிட்டார்.

மனைவி கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நல்ல கூத்து. வண்டி இருந்தாத்தான் அவ வாசலுக்குப் போக முடியும். அவ வாசலுக்குப் போனாத்தான் வண்டி கிடைக்கும்.”

“பேசாம அந்த டின்—”

அவள் பார்த்த பார்வையில் அவர் நம்பர் அம்மாவின் பெட்டிகளை எண்ணத் தொடங்கினார்.

நம்பர் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. சொன்னார்கள். சாக்கடை வரைக்கும் சிரித்தாள். சபதத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திக் கேட்டாள். “என்ன சொன்ன? சொன்ன மாதிரியே சொல்லு.”

“உன் வாசலை மிதிக்க மாட்டேன்னு சொன்னேன்.”

“வாசலைன்னா சொன்ன? வீட்டைன்னு சொல்லலையே?”

“வாசலைத்தான் சொன்னேன்.”

“நான் சரக்கு அனுப்பியிருக்கேன் அங்க. வீடும் கடையும் ஒண்ணுதான், பின்னாடி ஒரு கதவு இருக்கு, மாவு மூட்டை இறக்க. அதுக்கு படி கிடையாது, நிலை கிடையாது, ஒரு பலகைதான். அதை யாரும் வாசல்னு சொல்ல மாட்டாங்க.”

“நான் மாவு மூட்டை மாதிரி பின்பக்கமாப் போகணுமா?”

“மாவு மூட்டை எதுவும் சபதம் போட்டதில்லையே,” என்றாள் நம்பர் அம்மா. “அளவு சொல்லும்போது சரியாச் சொல்லணும். நீ சரியாத்தான் சொல்லியிருக்க. அதுல ஒரு நூல் இடைவெளி இருக்கு. அந்த வழியாப் போயிட்டு வந்துடு.”

அவள் போனாள். பஸ்ஸில், ஜன்னலோரமாக. காற்று வந்தது, அதை வீட்டில் போய்ச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

ரொட்டிக் கடையின் பின்கதவு திறந்தே இருந்தது. அடுப்பு அணைந்தும் செங்கல்லில் சூடு மிச்சமிருந்தது. எந்நேரமும் அங்கே இருக்கிற ஈஸ்ட் வாசனை இப்போது பாதியாகிவிட்டது. அக்கா தரையில் உட்கார்ந்து கறுத்த தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விற்றுவிட்ட தட்டுகளைப் போய் இத்தனை அழுத்தித் தேய்ப்பார்களா? முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. தலையில் வெள்ளை, மாவா முடியா தெரியவில்லை.

தங்கை பலகைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினாள்.

அக்கா திரும்பவில்லை. தேய்க்கிற கை மட்டும் ஒருதரம் நின்று போனது. “யாருங்க?”

தங்கையும் தெரியாதவள் போலவே பேசினாள். “சாமான் ஒண்ணு கேட்டு வந்தேங்க.”

“ரொட்டி இல்ல. கடை மூடியாச்சு.”

“ரொட்டி வேணாம். பேரிங்.”

“ரொட்டிக் கடையில பேரிங் கேக்கறீங்களே, சலூன்ல போய் செருப்பு கேப்பீங்களோ?”

“இருக்குன்னு கேள்விப்பட்டேன்.”

“யாரு சொன்னது? இந்த வீட்ல ரகசியம்னு ஒண்ணு ஒரு ஆள்கிட்டயாவது தங்குதா பாரு.” இது உள்ளே இருந்த ரொட்டிக்காரருக்கு. உள்ளே எதுவோ கீழே விழுந்தது. “எதுக்கு பேரிங்?”

“ஒரு வண்டிக்கு.”

“எப்படிப்பட்ட வண்டி?”

“பழைய வண்டி. நல்ல வண்டிதான். ஒரு தடவை ஒருத்தரை சாக்கடையில தள்ளிடுச்சு.”

“தள்ளினது வண்டியா? டின்னா?”

தங்கை யோசித்தாள். “டின்னுதான்,” என்றாள். “வண்டி மேல தப்பு இல்ல. டின்னு மேலயும் இல்ல. வெட்டினவர் மேலதான்.”

“கூட இருந்து பார்த்துக்கிட்டு இருந்தவ மேல?”

“அவ மேலயும்தான்.”

அக்கா தட்டைச் சாய்த்துவைத்தாள். எழுந்திருக்க முழங்காலில் கை ஊன்ற வேண்டியிருந்தது. தங்கையின் கால் பலகைக்கு உள்ளே ஒரு அடி வந்து, திரும்பி வெளியே போனது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி அலமாரியைத் திறந்தாள். பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தாள். கோதுமைக் கதிர் படம் போட்டது. உள்ளே வெண்ணெய்த் தாளில் சுற்றி, எண்ணெய் ஊறிய துணியில் மறுபடியும் சுற்றி, ஒரு ஜோடி பேரிங். விரலால் தட்டினால் சத்தமே இல்லாமல் சுற்றின.

“மெஷினை வித்த அன்னைக்கே இதையும் எடைக்குப் போடப் பார்த்தாரு மனுஷன். நான்தான் பிடுங்கி வச்சேன்.”

“எதுக்கு?”

“டின் நல்ல டின்னு.”

தங்கை டின்னை வாங்கி வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“பேரிங் திருப்பித் தர வேணாம்,” என்றாள் அக்கா, மறுபடியும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி. “டின்னைத் தரணும். நாளைக்கே. முழுசா. ஒரு ஓரத்துல கத்திரி பட்டிருந்தாலும் எனக்குத் தெரியும்.”

“எங்க கொண்டுவந்து குடுக்கறது? இங்கயா?”

“இது மூட்டை இறக்கற இடம்,” என்றாள் அக்கா. “மனுஷங்க முன்பக்கமா வருவாங்க.”

அன்று சாயங்காலம் அவர்கள் சமையலறை பட்டறையாகிவிட்டது. பேரிங் இரண்டும் குளிர்ப்பெட்டியில், முட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. குளிர்ந்தால் இம்மி சுருங்கும். சக்கரத்தின் நடுக்குடத்தை அடுப்பின் மேல் தூக்கிப் பிடித்துச் சூடு காட்டினார் மெக்கானிக். சூட்டில் அது இம்மி விரியும். நடுவே தேநீர் வேண்டும் என்று தோன்றியது. அடுப்பில் இடமில்லாததால் கேட்கவில்லை.

“தண்ணி தெளிச்சுப் பாரு. சுர்னு சொல்லணும்.”

“சுர்ருங்குது.”

“பேரிங்கை எடு. வெறும் கையால தொடாத, கைச்சூடு ஏறிடும்.”

அவள் தன் சீட் தைக்கிற தோல் துண்டில் வைத்து நீட்டினாள். அவர் குடத்தின் வாயில் நேராக வைத்துக் கையை விட்டார். சுத்தியல் வேண்டாம், அடி வேண்டாம். டக் என்று தானாக இறங்கி உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி தன் நாற்காலியை அடையாளம் கண்டு உட்கார்ந்த மாதிரி.

இரண்டாவதும் இறங்கியது. அவர் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு தட்டு தட்டினார். அது சுற்றியது. சத்தம் இல்லை. நிற்கும் என்று நினைத்த இடத்தில் நிற்காமல் இன்னும் சுற்றியது.

“இத்தனை வருஷமா இப்படித்தான் சுத்தியிருக்கணுமா இது?” என்றாள்.

“இப்படித்தான்.”

“அப்ப எங்கக்கா ஓட்டைன்னு சொன்னது சரிதான்.”

“அதை நாளைக்கு அவங்ககிட்டயே சொல்லு.”

“சொல்றதுக்கு எனக்கென்ன பைத்தியமா?”

சனிக்கிழமை மழை ஒருவழியாக முடிவுக்கு வந்து, பெய்வதில்லை என்று தீர்மானித்திருந்தது. வண்டிக்கு அவள் புது சீட் தைத்துப் போட்டிருந்தாள். பின்பக்கம் வழக்கத்தைவிடப் பஞ்சு அதிகம். யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். தெரு முனையில் அந்தச் சாக்கடை வந்தபோது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி அதைத் தெரியாத ஆள் மாதிரி கடந்து போனது.

முன்வாசலில் அக்கா நின்றிருந்தாள், கைகளைக் கட்டிக்கொண்டு. பின்னால் ரொட்டிக்காரர். அவருக்குப் பின்னால் கயிறு கட்டின பெட்டிகள்.

மெக்கானிக் வண்டியை நிறுத்தினார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. தங்கை இறங்கிப் போய் டின்னை நீட்டினாள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறந்து விளிம்பில் விரலை ஓட்டினாள்.

“முழுசாத்தான் இருக்கு,” என்றாள். “நேத்து பின்னாடி ஒருத்தி வந்தா. பார்க்க உன்ன மாதிரியே இருந்தா. உன்னைவிட மரியாதையாப் பேசினா.”

“நல்ல குடும்பத்துப் பொண்ணா இருப்பா.”

“அவ அக்கா நல்லா வளர்த்திருப்பா.”

ரொட்டிக்காரர் பெருமூச்சு விட்டார். இந்தத் தடவை அது வேறு மாதிரிப் பெருமூச்சு.

தங்கை படியில் கால் வைத்தாள். மிதித்து ஏறி மேலே நின்றாள். அக்கா டின்னை அவள் கையிலேயே திருப்பித் திணித்தாள். “பெட்டியில இடமில்ல. நீயே வச்சுக்க. பட்டன், நூல் ஏதாவது போட்டு வை. அவர் கையில குடுத்துடாத.”

பிறகு படியிறங்கிப் போய் வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள். சீட்டை அழுத்திப் பார்த்தாள். அழுத்தின கையை உடனே எடுக்கவில்லை.

“தம்பி,” என்றாள் மெக்கானிக்கிடம். “இந்தத் தெருவைச் சுத்தி ஒரு ரவுண்டு வருமா இது?”

“ஊரையே சுத்தி வரும்க்கா.”

“பெருமை பேசாதீங்க. போன தடவையும் இதே மாதிரிதான் சொன்னீங்க. நகர்ந்து உக்காருங்க.”

பெட்டி கட்டப் போட்டிருந்த பழைய உடுப்போடு, கையில் ஒன்றுமில்லாமல், அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மெக்கானிக் கிளப்பினார். புகை கொஞ்சம் அதிகமாகத்தான் வந்தது. வண்டி தெருவின் நடுவே இறங்கியது. அக்காவின் தலை நேராக நிமிர்ந்து, முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு, சின்னதாகிக்கொண்டே போனது. திருப்பத்தில் ஒரு கையைத் தூக்கினாள். கும்பிடுவதற்கா, விடைகொடுக்கவா, பிடிமானத்துக்கா என்று அத்தனை தூரத்தில் தெரியவில்லை.

தங்கை வாசல்படி விளிம்புவரை ஓடிவந்து, டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு, இஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

“திரும்பி வந்தா என் வாசலுக்குத்தான் வரணும்க்கா, சொல்லிட்டேன்.”